புது வேலையும் வாடகை உதவியும்: பிரித்தானியாவில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருடன் பேசத் தொடங்கினால், பேச்சு கடைசியில் வாடகையில் வந்து நிற்கும். நான் நலன்புரி ஆலோசனை வேலையில் இருப்பவள் என்று தெரிந்த பிறகு, வாரா வாரம் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட, இருக்கிற உதவி நின்றுவிடுமோ என்ற பயம்தான் பலருக்குப் பெரிதாக இருக்கிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

இங்கே உள்ள தொகைகள் 2025 ஏப்ரல் முதல் 2026 ஏப்ரல் வரையான ஆண்டுக்குரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் பல தொகைகள் மாறும். விதிகளை இங்கிலாந்தில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு வேலை கிடைச்சிட்டுது. இனி வாடகைக்கு ஒண்டும் தரமாட்டாங்கள்தானே?

தருவார்கள். வேலை செய்கிறவர்களுக்கும் வாடகை உதவி உண்டு. சம்பளம் கூடக்கூட உதவி படிப்படியாகக் குறையும், அவ்வளவுதான். ஒரே நாளில் அறுந்து போகாது.

வாரம் 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் எல்லாம் போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது பழைய உதவித்தொகைகளின் விதி. அவற்றுக்குப் பதிலாக வந்த மாதாந்த அரச உதவியான யூனிவர்சல் கிரெடிட்டில் மணிக்கணக்குக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். இந்தப் பயத்தால் கூடுதல் மணி நேரம் வேண்டாம் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. வேலை கிடைத்தவுடன் நீங்களாகவே கிளெய்மை மூடிவிடாதீர்கள். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஹவுசிங் பெனிஃபிட், யூனிவர்சல் கிரெடிட் ரெண்டும் ஒண்டா? நான் எதுக்குப் போட வேணும்?

ஹவுசிங் பெனிஃபிட் என்பது கவுன்சில் தருவது. வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் புதிதாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு விதிவிலக்குகள் உண்டு: கவுன்சில் தந்த தற்காலிக வீட்டில் இருப்பவர்கள், பராமரிப்போ ஆதரவோ சேர்ந்த சில வகை விடுதிகளில் இருப்பவர்கள். ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களும் ஹவுசிங் பெனிஃபிட்டுக்கே விண்ணப்பிப்பார்கள்.

மற்ற எல்லோருக்கும் யூனிவர்சல் கிரெடிட்தான். வாடகைக்கான தொகை அதற்குள்ளேயே ஒரு பகுதியாக வரும். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணவன் மனைவி என்றால் இருவரும் சேர்ந்தே போட வேண்டும். இணையம் வராதவர்கள் தொலைபேசியில் உதவி கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லலாம்.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு இதற்குள் வராது. அதற்குத் தனியாகக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

எந்த விசாவில இருக்கிறவை இதைக் கேக்கலாம்?

உங்கள் விசாவில் ‘பொது நிதி பெற அனுமதி இல்லை’ என்ற நிபந்தனை இருந்தால் கேட்கக் கூடாது. மாணவர், திறன் வேலை விசா, துணைவர் விசா ஆகியவற்றில் பெரும்பாலும் இந்த நிபந்தனை இருக்கும். தெரியாமல் வாங்கினாலும் பின்னால் விசா நீட்டிக்கும்போது பிரச்சினை வரும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் கேட்கலாம். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் கேட்க முடியாது.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று ஐரோப்பியக் குடியுரிமையோடு இங்கே வந்த நம்மவர்கள் பலர். அவர்களில் ஐந்து வருட அந்தஸ்து (பிரி-செட்டில்ட் ஸ்டேட்டஸ்) மட்டும் உள்ளவர்களுக்கு அந்த அந்தஸ்தே போதாது, இங்கே வசிக்கும் உரிமையை வேறு வழியில் காட்ட வேண்டும். புது வேலை அங்கேதான் கைகொடுக்கிறது. உண்மையான, தொடர்ச்சியான வேலை இருந்தால் ‘வேலையாள்’ என்ற முறையில் அந்த உரிமை வரும். வேலை தேடிக்கொண்டிருந்தபோது மறுக்கப்பட்டவர்கள் வேலை தொடங்கியதும் மறுபடி விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

உங்களுக்கு உரிமை இருந்து, துணைக்கு மட்டும் அந்த நிபந்தனை இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். தனி ஆளுக்குரிய அடிப்படைத் தொகைதான் கிடைக்கும், ஆனால் துணையின் சம்பளமும் சேமிப்பும்கூடக் கணக்கில் வரும். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

முழு வாடகையும் தருவாங்களா?

கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் பெரும்பாலும் முழு வாடகையையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் தேவைக்கு மேல் ஓர் அறை இருந்தால் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம் குறைப்பார்கள்.

தனியார் வீடு என்றால் உள்ளூர் வாடகை வரம்பு என்று ஒன்று உண்டு. ‘எல்எச்ஏ’ என்பார்கள். அந்தப் பகுதியின் வாடகைகளை மலிவிலிருந்து வரிசைப்படுத்தி, 30 சதவீத இடத்தில் நிற்கும் தொகையை வைத்து அதை நிர்ணயிக்கிறார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்திய பிறகு அதை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள், வாடகையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால் வரம்புக்கும் உண்மை வாடகைக்கும் இடையில் ஒரு பள்ளம் விழும். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே அரசின் இணையதளத்தில் அந்த வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டு வரம்பைப் பாருங்கள். கையெழுத்து வைத்த பிறகு பார்த்துப் பிரயோசனமில்லை.

எத்தனை அறைக்கு என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். தம்பதிக்கு ஓர் அறை; 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அறை; 16 வயதுக்குட்பட்ட ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை; பத்து வயதுக்குட்பட்ட இருவர் ஆணோ பெண்ணோ, ஓர் அறை. அதிகபட்சம் நான்கு அறை. 35 வயதுக்குட்பட்ட தனி ஆள் தனியார் வாடகையில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பகிர்ந்து வாழும் அறைக்கான தொகைதான்.

சம்பளத்தில எவ்வளவு வெட்டுவாங்கள்?

சம்பளத்தில் வெட்டமாட்டார்கள், உதவித்தொகையில்தான் குறைப்பார்கள். வரி, தேசியக் காப்புறுதி, பென்ஷன் எல்லாம் போகக் கையில் வரும் ஒவ்வொரு பவுண்ஸுக்கும் 55 பென்ஸ் குறையும். பிள்ளைகள் இருப்பவர்களுக்கும், நோய் அல்லது இயலாமையால் வேலைத்திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கும் முதல் 411 பவுண்ஸைத் தொடமாட்டார்கள். இவர்களில் வாடகை உதவி பெறாதவர்களுக்கு இது 684.

ஒரு கணக்கு. லண்டனில் 25 வயதுக்கு மேற்பட்ட தம்பதி, 2017க்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை. அவர்கள் பகுதியின் வரம்பு 1,150 பவுண்ஸ் என்று வைப்போம். அடிப்படைத் தொகை 628.10, பிள்ளைக்கு 292.81, வாடகை 1,150. மொத்தம் 2,070.91. ஒருவர் வேலை தொடங்கி மாதம் 1,400 கையில் வாங்குகிறார். 1,400இல் 411 கழித்தால் 989. அதில் 55 சதவீதம் 543.95. ஆகவே யூனிவர்சல் கிரெடிட் 1,526.96 ஆகக் குறையும். சம்பளத்தையும் சேர்த்தால் வீட்டுக்கு 2,926.96 வரும். வேலைக்கு முன் இருந்ததைவிட 850க்கும் மேல் அதிகம்.

பிள்ளையும் அப்படியான மதிப்பீடும் இல்லாத தனி ஆளுக்கு அந்த 411 கிடையாது. 36 வயது, அடிப்படை 400.14, வாடகை வரம்பு 900, சம்பளம் 1,000 என்றால் 550 குறைந்து 750.14 கிடைக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மொத்த உதவிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. லண்டனில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323, லண்டனுக்கு வெளியே 22,020. வீட்டின் சம்பளம் மாதம் 846 பவுண்ஸைத் தொட்டால் இந்த உச்சவரம்பு உங்களுக்குப் பொருந்தாது. பிள்ளைகள் அதிகமுள்ள வீடுகளில் இந்த ஒரு காரணத்தாலேயே வேலை தொடங்கிய மாதம் வாடகை மூச்சு விடும்.

முதல் சம்பளம் வந்தாப் பிறகு போடவோ, இப்பவே போடவோ?

இதுவரை உதவி எதுவும் எடுக்கவில்லை என்றால் பொதுவாக இப்போதே போடுங்கள். முந்தைய நாட்களுக்குப் பின்தேதியிட்டுத் தருவது அரிது. தந்தாலும் ஒரு மாதம்தான், அதுவும் குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டும்.

விண்ணப்பித்த நாளிலிருந்து ஒரு மாதம் ஒரு கணக்குக் காலம். அது முடிந்து ஏழு நாளுக்குள் காசு வரும். ஆக, முதல் தொகைக்கு ஏறக்குறைய ஐந்து வாரம். அதற்குள் வாடகை நாள் வந்தால் முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன்தான். 24 மாதம் வரை உங்கள் தொகையிலிருந்து கழிப்பார்கள். தேவையான அளவு மட்டும் கேளுங்கள்.

பழைய வேலையின் கடைசிச் சம்பளம், விடுமுறைப் பணம் எல்லாம் சேர்ந்து பெரிய தொகையாக அடுத்த சில நாட்களில் வரப்போகிறது என்றால், அது வந்த பிறகு விண்ணப்பிப்பது லாபமாக இருக்கலாம். கணக்குக் காலத்துக்குள் வந்தால் அதுவும் சம்பளம்தான்.

வாடகையைக் கையில காசாத்தான் குடுக்கிறன். எழுத்தில ஒண்டும் இல்லை.

எழுத்தில் இல்லாத குடியிருப்பும் சட்டப்படி குடியிருப்புதான். பிரச்சினை ஆதாரத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: உங்கள் பெயர், முகவரி, வாடகை எவ்வளவு, எப்போதிருந்து, அவர் கையெழுத்து. வாராவாரம் வாடகை கொடுப்பவர் என்றால் வாடகைப் புத்தகம் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

அடுத்த வாடகையிலிருந்து வங்கி வழியாகவே அனுப்புங்கள், குறிப்பில் ‘வாடகை’, மாதம் இரண்டையும் எழுதுங்கள். மின்சாரம், எரிவாயு, சாப்பாடு வாடகைக்குள் அடக்கம் என்றால் அதையும் சொல்ல வேண்டும். கடிதத்தில் பிரித்தே எழுதச் சொல்லுங்கள்.

அண்ணன்ட வீட்டில வாடகைக்கு இருக்கிறம். அதுக்குத் தருவினமோ?

அண்ணனும் அதே வீட்டில் உங்களோடு இருந்தால் கிடைக்காது. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், அவர்களின் துணைகள், மாமனார் மாமியார் எல்லோரும் நெருங்கிய உறவுப் பட்டியலில் வருவார்கள். சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட சகோதரர் அந்தப் பட்டியலில் இல்லை.

அண்ணன் வேறு வீட்டில் இருந்து, தன் இன்னொரு வீட்டை உங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தால் கேட்கலாம். ஆனால் அது உண்மையான வாடகையா என்று துருவுவார்கள். வாடகை தராவிட்டால் அண்ணன் என்ன செய்வார், வெளியாருக்கு விட்டால் என்ன கேட்பார் என்றெல்லாம் கேள்வி வரும். மேலே சொன்ன கடிதமும் வங்கிப் பதிவும் இங்கே இரண்டு மடங்கு முக்கியம்.

சம்பளத்தை நான் ஒவ்வொரு மாதமும் சொல்ல வேணுமோ?

வேலை தொடங்கியதை நீங்கள் உடனே ஜேர்னலில், அதாவது யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கத்தில், சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சம்பளத் தொகை முதலாளியிடமிருந்து வரித்துறைக்கும், அங்கிருந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் தானாகவே போகும். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் பேஸ்லிப்பையும் ஜேர்னலில் உள்ள தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தக் கணக்கில் டெலிவரி ஓட்டுபவர்கள் வரவையும் செலவையும் மாதா மாதம் தாங்களே பதிய வேண்டும்.

புது வேலையில் பி45 (பழைய முதலாளி தரும் சம்பள, வரி விவரத் தாள்) கொடுக்காவிட்டால் தற்காலிக வரிக் குறியீட்டில் வரி கூடப் பிடிப்பார்கள். கையில் வருவது குறைவதால் அந்த மாதம் உதவி சற்றுக் கூடும். பின்னர் வரி திரும்பக் கிடைக்கும் மாதத்தில் அதுவும் வருமானமாகக் கணக்கிடப்பட்டு உதவி குறையும். அந்த மாதத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கடையில் கையில் காசாகச் சம்பளம் தந்தாலும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் மாட்டுவது நீங்கள்தான்.

ஒரே மாதத்தில ரெண்டு சம்பளம் எண்டு காட்டி வாடகைக் காசையே நிப்பாட்டிட்டாங்கள்!

கணக்குக் காலம் ஒவ்வொருவருக்கும் வேறு. 28ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 27 வரை உங்கள் காலம் என்று வையுங்கள். சம்பளம் வழக்கமாக 28ஆம் தேதி. அந்த நாள் ஞாயிறாக இருந்தால் வெள்ளிக்கிழமை 26ஆம் தேதியே போட்டுவிடுவார்கள். ஒரே காலத்தில் இரண்டு சம்பளம், அடுத்த காலத்தில் சைபர்.

மாதச் சம்பளக்காரர் என்றால் ஒரு சம்பளத்தை மற்றக் காலத்துக்கு மாற்றச் சொல்லி ஜேர்னலில் எழுதுங்கள். நான்கு தாய்மார் இந்தப் பிரச்சினையை நீதிமன்றம் கொண்டு போய், 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் விதி மாறியது. அந்தப் பெண்களால்தான் இன்று நமக்கு இந்த வழி இருக்கிறது.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த விதி உதவாது. அவர்களுக்கு ஆண்டில் 13 சம்பள நாள், ஆகவே ஒரு காலத்தில் கட்டாயம் இரண்டு விழும். அது எந்தக் காலம் என்று நாட்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வேலையில் சேரும்போது மாதச் சம்பளமாகத் தர முடியுமா என்று கேட்பதிலும் தப்பில்லை.

மகனுக்கு 22 வயது, எங்களோட இருக்கிறான். அவன்ட சம்பளத்தையும் பாப்பாங்களோ?

பார்க்கமாட்டார்கள். ஆனால் 21 வயதும் அதற்கு மேலும் உள்ள, உங்கள் துணையல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் வாடகையில் பங்கு தருவார் என்று எடுத்துக்கொண்டு மாதம் 93.02 பவுண்ஸ் குறைப்பார்கள். அவர் உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் அதே தொகை. நீங்கள் சில இயலாமை உதவித்தொகைகள் பெற்றால் இந்தக் குறைப்பு இருக்காது. மறுபக்கம், மகனுக்கும் ஓர் அறை கணக்கில் சேரும். மகனிடம் அந்தத் தொகையை வாங்குவதற்குத் தயங்காதீர்கள். வாங்காவிட்டால் வீட்டு வாடகையில்தான் துண்டு விழும்.

தாலிக்கொடி, நகை, ஊரில காணி, சீட்டுக் காசு... இதெல்லாம் சொல்ல வேணுமோ?

சேமிப்பு 6,000 பவுண்ஸ் வரை பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 வருமானமாகக் கணக்கிடுவார்கள். 16,000க்கு மேல் என்றால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது.

நீங்கள் அணியும் நகை சொந்த உடைமை, சேமிப்பாகக் கணக்கெடுப்பதில்லை. உதவி கிடைப்பதற்காகவே காசை நகையாக்கினால் மட்டும் கதை வேறு. ஊரில் உங்கள் பெயரில் உள்ள, நீங்கள் வசிக்காத வீடும் காணியும் சொத்துதான், சொல்ல வேண்டும். சீட்டு எடுத்த காசு உங்கள் வங்கிக் கணக்கில் கிடந்தால் அதுவும் உங்கள் சேமிப்பாகவே தெரியும். சீட்டுக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வந்தால் காட்டலாம்.

பெனிஃபிட் எடுக்கிற ஆக்களுக்கு வீடு இல்லை எண்டு லெட்டிங் ஏஜென்ட் சொல்லுறான்.

எடுத்த எடுப்பில் அப்படித் தள்ளிவிடுவது சட்டவிரோதம் என்று 2020 ஜூலையில் யோர்க் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் அதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. கட்டுப்படியாகுமா என்று வருமானத்தைப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்போது புது வேலையின் ஒப்பந்தக் கடிதத்தையும், மேலே செய்ததுபோன்ற ஒரு கணக்கையும் கையில் கொண்டு போங்கள். மறுப்பை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னாலே சிலர் குரல் மாறிவிடும்.

வேலை ரெண்டு மாதத்தில போயிட்டா?

இந்தப் பயத்தால் வேலையே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. சம்பளம் கூடி உதவி சைபராகி நின்றிருந்தாலும், கடைசித் தொகை வந்து ஆறு மாதத்துக்குள் என்றால் பழைய கணக்குக்குள் நுழைந்து விவரங்களை உறுதிப்படுத்தினால் போதும். முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. நிற்கவே இல்லை என்றால் சம்பளம் குறைந்த மாதத்தில் உதவி தானாகவே கூடும்.

எல்லாம் போட்டும் வாடகைக்குக் காணேல்ல. வேற வழி?

கவுன்சிலிடம் வாடகைத் துண்டுக்கான உதவி கேளுங்கள். உங்களுக்கு வாடகை உதவி கொஞ்சமாவது கிடைத்துக்கொண்டிருந்தால் கேட்கும் தகுதி உண்டு. வருமானம், செலவு, வரம்புக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றைப் பவுண்ஸ் கணக்கில் எழுதுங்கள். “கஷ்டமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது.

சிறு பிள்ளையை நர்சரியில் விட்டால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், முதல் மாதக் கட்டணத்துக்கு வேர்க் கோச்சிடம் (ஜொப் சென்டரில் உங்கள் கிளெய்மைப் பார்க்கும் அலுவலர்) முன்கூட்டியே உதவி கேட்கலாம். பின்னர் கட்டணத்தில் 85 சதவீதம் வரை, ஓர் உச்சத்துக்குள், திரும்பக் கிடைக்கும்.

கவுன்சில் தந்த தற்காலிக வீட்டில இருக்கிறம். வேலை தொடங்கினதை ஆரிட்டச் சொல்ல வேணும்?

இரண்டு இடத்திலும். இரண்டாவது பதிலில் சொன்னபடி உங்கள் வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட், மற்றச் செலவுக்கு யூனிவர்சல் கிரெடிட். ஒன்று மற்றதற்குச் சொல்லிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

யூனிவர்சல் கிரெடிட் கொஞ்சமாவது வரும்வரை ஹவுசிங் பெனிஃபிட்டில் சம்பளத்துக்காகக் குறைக்கமாட்டார்கள். அது சைபரான பிறகு, ஒரு வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுண்ஸுக்கும் 65 பென்ஸ் குறையும். சில மணி நேரம் கூடுதலாகச் செய்த மாதத்தில் கைக்காசு குறைந்து போகக்கூடிய ஓர் இடம் இது. மேலதிக மணி நேரம் ஏற்கும் முன் கவுன்சிலிடம் கணக்குக் கேளுங்கள்.

அவங்கட பிழையால கூடத் தந்திட்டாங்கள். ஏன் நான் திருப்பிக் குடுக்க வேணும்?

யூனிவர்சல் கிரெடிட்டில் பிழை யாருடையதாக இருந்தாலும் திரும்பக் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நியாயமாகப் படவில்லை, ஆனால் 2012ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான். ஹவுசிங் பெனிஃபிட்டில் அதிகாரியின் பிழை என்றால், அது உங்களுக்கு நியாயமாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று காட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

தொகையே தப்பு என்று நினைத்தால், தீர்மானக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டு ஜேர்னலில் எழுதுங்கள், பேஸ்லிப்பையும் இணையுங்கள். அதிலும் மறுத்தால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. தொகை சரி, ஆனால் கட்ட முடியவில்லை என்றால் மாதக் கழிவைக் குறைக்கச் சொல்லிக் கடன் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள். வாடகை, சாப்பாடு, மின்சாரச் செலவுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் கேட்பது அந்த எண்களைத்தான்.